மிச்சமான யூனிட்டும் மிகையான வெளிச்சமும்

மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் இதுவரை 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் எல்இடிக்கு மாற்றப்பட்டுள்ளன. இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகிறது என்கிறது அரசின் கணக்கு. அந்தத் திட்டத்தில் சேராமல் தாங்களாகவே டெண்டர் விட்டு மாற்றிக்கொண்ட உள்ளாட்சிகளும் உண்டு. சென்னை மாநகராட்சியின் பராமரிப்பில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் இருக்கின்றன. பெரிய சாலைகளில் ஆரஞ்சு வெளிச்சம் இருந்த சுவடே இன்று அநேகமாக இல்லை. பத்து ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் இரவு நிறம் மாறிவிட்டது. ஆனால் இந்த மாற்றத்தைப் பற்றிப் பொதுவெளியில் புழங்கும் ஒரே கணக்கு யூனிட் கணக்குதான். எத்தனை யூனிட் மிச்சம், எத்தனை கோடி ரூபாய் மிச்சம் என்று அமைச்சர் முதல் வார்டு உறுப்பினர் வரை சொல்வார்கள். தெருவில் விழும் வெளிச்சம் கூடியதா குறைந்ததா, அதில் எவ்வளவு சாலைக்குப் போகிறது, எவ்வளவு வானத்துக்கும் மாடி ஜன்னலுக்கும் போகிறது என்று கேட்டால் அநேகமாக யாரிடமும் பதில் இராது.

எல்இடிக்கு மாறியது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த எல்இடி, எவ்வளவு, எத்தனை மணி வரை என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் மாறியதுதான் பிழை. அந்தப் பிழையைத் திருத்த இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஒரு எல்இடி தெருவிளக்கின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் ஆயுள் 12 ஆண்டு. நம் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தில், விளக்குக்குள் மின்னோட்டத்தைச் சீர்செய்யும் டிரைவர் அதற்கு முன்பே போய்விடுவதும் உண்டு. 2015-லும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் மாட்டிய முதல் தலைமுறை விளக்குகளைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. இனி வரும் சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் இரண்டாவது சுற்று டெண்டர் விடப்படும். பழைய நிபந்தனைகளையே நகலெடுத்துப் போட்டால் அடுத்த 12 ஆண்டுகளுக்கும் இதே வெளிச்சம்தான்.

முதலில், போன விளக்கைப் பற்றி. சோடியம் விளக்கு மறைந்ததற்காக ஏங்கி எழுதப்பட்ட கட்டுரைகள் பல மொழிகளில் வந்திருக்கின்றன. ரோம் நகரம் மாறியபோது அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. சோடியம் வெளிச்சத்தில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே பழுப்பாகத் தெரியும். நிறத்தைக் காட்டும் திறனை 100-க்கு மதிப்பிடும் அளவுகோலில் உயர் அழுத்த சோடியம் விளக்குக்குக் கிடைப்பது 20, 25 மட்டுமே. போட்டவுடன் எரியாது, முழு வெளிச்சம் வரச் சில நிமிடங்கள் ஆகும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால்கூட சூடு தணிந்த பிறகே மறுபடி பற்றும். எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறவிடும் உருண்டைக் குழல் என்பதால், அதைக் கூட்டிப் பிடித்துச் சாலைக்குத் திருப்புவதற்குள் கணிசமான பங்கு வீணாகிவிடும். குழலுக்குள் சிறிதளவு பாதரசமும் உண்டு. அதை உடைத்துக் குப்பையில் போட்ட காலம் போனதே நல்லது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும் அதில் எளிதல்ல. எல்இடியோ இந்தக் குறை ஒவ்வொன்றையும் தீர்க்கிறது. அதில் கடைசியாகச் சொன்ன திறனை, வேண்டும்போது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் திறனை, நாம் அநேகமாகப் பயன்படுத்தவே இல்லை.

வெள்ளை வெளிச்சம் நம் தெருவுக்கு வந்த வழியைப் பார்த்தால் நிறம் எப்படித் தீர்மானமானது என்று புரியும். எல்இடி இயல்பில் வெள்ளையாக எரிவதில்லை. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலம் கக்கும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு போட்டு, இரண்டும் கலந்த ஒளியை வெள்ளையாகக் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்பர் மெல்லியதாக இருந்தால் நீலம் தூக்கலாக, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் 5,000 கெல்வினுக்கு மேல் போகும் குளிர்ந்த வெண்மை கிடைக்கும். தடிமனாக இருந்தால் 2,700, 3,000 கெல்வின் என்று இளமஞ்சள் சாயலோடு வரும். பழைய சோடியம் விளக்கு 2,000 கெல்வினை ஒட்டியது. பாஸ்பர் கூடக்கூட மாற்றத்தில் கொஞ்சம் ஆற்றல் இழப்பும் கூடும். எனவே ஆரம்ப காலத்தில் ஒரு வாட்டுக்கு அதிக லுமென், அதாவது அதிக ஒளி, தந்தது நீலம் தூக்கலான விளக்குதான். ஒரு வாட்டுக்கு எத்தனை லுமென் என்று மட்டும் கேட்ட டெண்டரில் அதுவே வென்றது. குளிர்ந்த வெண்மைதான் சாலைக்கு நல்லது என்று யாரும் ஆராய்ந்து முடிவெடுக்கவில்லை, விலைப்பட்டியல் எடுத்த முடிவு அது.

கொடுக்கல் வாங்கல் அமைந்த விதமும் இதற்குத் துணை போனது. மத்திய திட்டத்தில் அதை நடத்தும் இஇஎஸ்எல் நிறுவனம் தன் பணத்தைப் போட்டு விளக்குகளை மாற்றிவிடும். மிச்சமாகும் மின் கட்டணத்திலிருந்து உள்ளாட்சி அதை ஏழு ஆண்டுகளில் திருப்பித் தரும். கையில் பணமில்லாத நகராட்சிக்கு இது அருமையான ஏற்பாடு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே அளக்கப்படுவது வாட் மட்டுமே. 150 வாட் சோடியம் இருந்த கம்பத்தில் 70 வாட் எல்இடி மாட்டினால் பாதிக்கு மேல் மிச்சம், கணக்கு முடிந்தது. அந்த 70 வாட், பழைய 150 வாட் தந்ததைவிட அதிக வெளிச்சத்தைச் சாலையில் கொட்டுகிறதா, 40 வாட்டே போதுமா என்று பார்க்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் நீலப்பச்சைக்கு அதிகமாகவும் ஆரஞ்சுக்குக் குறைவாகவும் இசைந்து கொடுக்கும். ஆகவே வெள்ளை விளக்கானால் அளவைக் குறைத்தாலும் அதே அளவு கண் தெரியும். பிரிட்டனின் சாலை விளக்கு விதிகள் இந்தக் காரணத்தைச் சொல்லியே வெள்ளை ஒளிக்கு ஒரு படி குறைத்துக்கொள்ள இடம் தருகின்றன. நாம் வெள்ளையை எடுத்துக்கொண்டோம், குறைப்பதை விட்டுவிட்டோம். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1944, தரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் பெருஞ்சாலைக்கு 30 என்றும் சிறிய குடியிருப்புத் தெருவுக்கு 4 என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. முழு நிலவு தரையில் தரும் வெளிச்சம் கால் லக்ஸைத் தொடுவதே பெரிது. சிறு தெருவுக்கு 4 லக்ஸ் என்பதே தாராளம். ஆனால் அந்த எண்ணை உச்சவரம்பாக யாரும் படிப்பதில்லை.

விலை மலிந்த எதையும் மனிதர்கள் கூடுதலாகச் செலவழிப்பார்கள் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. நிலக்கரியை வைத்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-லேயே இதை எழுதிவிட்டார். வெளிச்சத்துக்கும் இது பொருந்துகிறது. மெழுகுவத்தி, எரிவாயு, மின்விளக்கு என்று மூன்று நூற்றாண்டுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப் சாவோ குழுவினர், மனிதகுலம் தன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.72 சதவீதத்தை எப்போதும் வெளிச்சத்துக்கே செலவிட்டு வந்திருக்கிறது என்று கண்டார்கள். விளக்கின் திறன் கூடக் கூட, மிச்சப்பட்டதை வைத்து இன்னும் விளக்கு போட்டோம். எல்இடி யுகமும் விலக்கல்ல. 2012 முதல் 2016 வரை செயற்கை ஒளி விழும் நிலப்பரப்பு உலக அளவில் ஆண்டுக்கு 2.2 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து கிறிஸ்டோபர் கைபா குழு 2017-ல் கணக்கிட்டது. அந்தச் செயற்கைக்கோள் கருவிக்கு ஒரு குறை உண்டு. 500 நானோமீட்டருக்குக் கீழுள்ள நீல ஒளி அதன் கண்ணில் படாது. ஆரஞ்சிலிருந்து வெள்ளைக்கு மாறிய மிலான் நகரம் அதன் பதிவில் மங்கியதாகத் தெரிந்தது அதனால்தான். பிறகு அதே ஆய்வாளர்கள் மனிதக் கண்ணையே கருவியாக்கினார்கள். உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் 2011 முதல் 2022 வரை பதிந்த 51,000-க்கும் மேற்பட்ட விண்மீன் அவதானிப்புகளைத் தொகுத்தபோது, இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டே வருவது தெரிந்தது. ஏழெட்டு ஆண்டில் இருமடங்கு ஆகும் வேகம் அது. இவற்றில் பெரும்பாலான அவதானிப்புகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கான எண் இதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.

எல்இடி வந்தால் வானம் வெளுத்தே தீரும் என்பது விதியல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரம் இருக்கிறது. சுற்றிலும் வானியல் ஆய்வகங்கள் என்பதால் இருட்டின் அருமை தெரிந்த ஊர். அங்கே 2016, 2017-ல் சுமார் 18,000 சோடியம் விளக்குகளை எல்இடியாக மாற்றினார்கள். சோடியத்தைவிட வெண்மையான 3,000 கெல்வின் விளக்குகளைத்தான் போட்டார்கள். ஆனால் மொத்த லுமென் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். மேல் நோக்கி ஒளி கசியாதபடி மூடிய விளக்குகளைத் தேர்ந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மேலும் மங்க வைத்தார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் செயற்கைக்கோளிலிருந்து பார்த்ததில் நகரத்திலிருந்து மேலே போகும் வெளிச்சம் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்திருந்தது. மின்சாரமும் மிச்சம், வானத்துக்குப் போகும் வெளிச்சமும் மிச்சம். எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வி, எந்த நிறம் என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு டூசான்தான் முதல் சாட்சி.

நிறமும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. தூய காற்றில் ஒளி சிதறுவது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் நடக்கிறது. கணக்குப் போட்டால், எல்இடியின் 450 நானோமீட்டர் நீலம் சோடியத்தின் 590 நானோமீட்டர் மஞ்சளைவிட மூன்று மடங்கு சிதறும். (மஞ்சள் விளக்கு பனிமூட்டத்தை ஊடுருவும் என்ற நம்பிக்கை வேறு சங்கதி. பனித்துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவை, அங்கே எல்லா நிறமும் ஒன்றுபோலத்தான் சிதறும். சோடியத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இந்த வாதம் செல்லாது.) காற்றில் சிதறும் ஒளிதான் வானத்தை வெளுத்து விண்மீன்களை மறைக்கிறது. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அருந்ததியின் பிரகாசம் நான்காம் பருமன். நடுநகர வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கோட்டில் அது நிற்கிறது. இன்னும் சற்று வெளுத்தால் காணாமலே போய்விடும். நம் கல்யாணங்களில் அருந்ததி காட்டும் சடங்கு பெரும்பாலும் பட்டப்பகலில் நடப்பதால் இதுவரை எந்த மணப்பெண்ணும் புகார் சொல்லவில்லை. ஆனால் ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இது வேடிக்கையல்ல. இருட்டை நம்பித்தான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். லடாக்கின் ஹான்லேவைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்த நாடு, காவலூரின் அடிவாரத்து ஊர்களுக்கும் ஒரு விளக்கு விதியை எழுதலாம்.

உயிரினங்கள் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. மணலைவிட்டு வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று எண்ணி நகரும். இயற்கையில் அது சரியான திசையைத்தான் காட்டும். கரையோரத் தெருவிளக்கு எரிந்தால் சாலையைக் காட்டும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதற்கு இந்த விளக்குகளும் ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரைகளில் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆரஞ்சு, சிவப்பு எல்இடிகளை, தாழ்வாக, மறைப்போடு மட்டுமே பரிந்துரைக்கிறார்கள். எல்இடியிலேயே ஆரஞ்சு உண்டு என்பதை நம் டெண்டர் எழுதுவோர் கவனிக்கலாம். தென் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, விளக்கு எரியும் சாலையோர வேலிகளில் விட்டில் புழுக்களின் எண்ணிக்கை விளக்கில்லாத இடங்களைவிட 47 சதவீதம் குறைவு என்றது. வெள்ளை எல்இடி இருந்த இடங்களில் பாதிப்பு சோடியத்தைவிட மோசம். அதற்காக மஞ்சளைச் சர்வரோக நிவாரணியாக்கிவிடக் கூடாது. நெல் இரவின் நீளத்தை உணர்ந்து கதிர்விடும் பயிர். வயலோரத்தில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் கதிர் தள்ளிப்போகும். அங்கே பயிரைக் குழப்புவது பெரும்பாலும் சிவப்புப் பக்கத்து ஒளிதான். ஆக வயலோரக் கம்பத்துக்கு நிறத்தை மாற்றிப் பயனில்லை. வெளிச்சம் வயலுக்குள் போகாமல் மறைப்பதும் நள்ளிரவில் அணைப்பதும்தான் வழி.

மனித உடலைப் பற்றிய வாதத்தில் மிகை அதிகம். நம் விழித்திரையில் ஏறத்தாழ 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு விழித்துக்கொள்ளும் செல்கள் உண்டு, அவை மூளைக்குப் பகல் என்று சேதி அனுப்பி மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும், இவை நிரூபணமானவை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் தெருவிளக்கு 3,000 கெல்வினுக்குள் இருக்கட்டும் என்று பரிந்துரைத்ததும் இதை வைத்துத்தான். விளக்குப் பொறியாளர்களின் சங்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தெருவிளக்கிலிருந்து கண்ணுக்கு வரும் அளவு சொற்பம், அதற்காக வெறும் கெல்வின் எண்ணைப் பிடித்துத் தொங்குவது சரியல்ல என்பது அவர்கள் கட்சி. படுக்கையில் கிடந்து கைபேசியைப் பார்க்கிறவர் தெருவிளக்கைக் குற்றம் சொல்வதில் எனக்கும் உடன்பாடில்லை. கண்கூச்சம் என்ற எளிய குறைதான் என்னைப் பொறுத்தவரை கனமானது. எல்இடி விளக்கில் ஒளி சின்னஞ்சிறு புள்ளிகளிலிருந்து வருகிறது. தலைக்கு மேல் சாய்த்து மாட்டினால் நேராகக் கண்ணில் குத்தும். வயதானவர்களின் கண்வில்லையிலும் கண்புரை தொடங்கியவர்களின் கண்ணிலும் ஒளி உள்ளேயே சிதறி எதிரிலிருப்பதை மறைத்துவிடும். பிரகாசமான விளக்கைத் தாண்டியவுடன் இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட இடம் இருட்டாகத் தெரிவதும் இந்தக் கண்கூச்சத்தின் விளைவு. அந்த இருட்டில் பள்ளம் இருந்தால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு எத்தனை லக்ஸ் கொடுத்து என்ன பயன்?

பாதுகாப்புதான் இந்த விவாதத்தில் மிக வலுவான மறுப்பு. வெளிச்சத்தைக் குறை என்றால், இரவில் வேலை முடிந்து திரும்பும் பெண்களின் கதி என்ன என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு ஆதரவான வலுவான சான்றும் இருக்கிறது. நியூயார்க் நகரம் 2016-ல் பொதுக் குடியிருப்புகளில் சீட்டுக் குலுக்குவதுபோலத் தேர்ந்தெடுத்த இடங்களில் கூடுதல் விளக்குகளை வைத்துப் பார்த்தது. அங்கே இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. இருண்டு கிடந்த இடத்துக்கு விளக்கு வந்தால் குற்றம் குறையும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஏற்கெனவே விளக்குள்ள தெருவில் அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளின் 2000 முதல் 2013 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2015-ல் ஓர் அறிக்கை வந்தது. நள்ளிரவில் அணைத்த தெருக்கள், மங்கவைத்த தெருக்கள், வெள்ளைக்கு மாறிய தெருக்கள் என்று தனித்தனியே பார்த்தார்கள். விபத்தோ குற்றமோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்காக இங்கிலாந்தின் தெருவும் நம் தெருவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். நடைபாதை இல்லாத, மாடும் நாயும் படுத்திருக்கும், எதிர்த்திசையில் வண்டி வரும் சாலைகளில் முழுதாக அணைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. மங்கவைப்பதைத்தான் சொல்கிறேன். பயத்தைத் தருவது ஒரே சீராக மங்கலாக எரியும் தெருவைவிட, நான்கு கம்பம் கண்கூச எரிந்து ஐந்தாவது கம்பம் மூன்று மாதமாக எரியாமல் கிடக்கும் தெரு. அந்த ஐந்தாவது கம்பத்தைச் சரிசெய்ய ஆளும் பணமும் போகட்டும்.

நம் மக்களுக்கு வெள்ளை வெளிச்சம்தான் பிடிக்கும் என்பது அடுத்து வரும் மறுப்பு. உண்மைதான். தமிழ்நாட்டின் உள்தெருக்களில் எல்இடி வருவதற்கு முன்பே டியூப்லைட்டுகள் வெள்ளையாகத்தான் எரிந்தன. மஞ்சள் குண்டு பல்பு வறுமையின் அடையாளமாகவும் டியூப்லைட் முன்னேற்றத்தின் அடையாளமாகவும் ஒரு தலைமுறைக்கே பதிந்திருக்கிறது. வெயில் நாட்டில் குளிர்ந்த வெண்மை கண்ணுக்கு இதம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் 3,000 கெல்வின் விளக்கு சோடியம் ஆரஞ்சல்ல. நிறம் காட்டும் அளவுகோலில் அது 70-க்கு மேல் வாங்கும். சட்டை நிறமும் முக அடையாளமும் கண்காணிப்புக் கேமராவில் தெளிவாகவே பதியும். நிறத்தைச் சரியாகக் காட்டுவது வேறு, நீலம் தூக்கலாக இருப்பது வேறு என்பதைப் பொறியாளர்களே பல சமயம் போட்டுக் குழப்புகிறார்கள். விருப்பத்தைப் பற்றிச் சொல்வதானால், கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்தில் 2014-ல் 4,000 கெல்வின் விளக்குகளைப் போட்டபோது குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். மாட்டி முடித்த சுமார் 650 விளக்குகளைக் கழற்றி 2,700 கெல்வினுக்கு மாற்ற நகராட்சி மறுபடி செலவழித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்காதவரை, எது பிடிக்கும் என்று மக்கள் சார்பில் யார் சொல்வது? ஒரு வார்டில் நான்கு தெருவுக்கு 3,000, நான்கு தெருவுக்கு 5,700 என்று மாட்டிவிட்டு ஒரு மாதம் கழித்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

செலவு என்ற மறுப்பு பத்து ஆண்டுகளுக்கு முன் நியாயமாக இருந்தது. அன்று இளமஞ்சள் எல்இடி கணிசமாகத் திறன் குறைந்தது. இன்று இரண்டுக்குமான இடைவெளி பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது. நள்ளிரவு முதல் விடியற்காலை வரை பாதி அளவுக்கு மங்கவைத்தாலே அந்த இழப்பைப்போலப் பல மடங்கு திரும்பக் கிடைக்கும். விலையைப் பொறுத்தவரை, வீட்டு எல்இடி பல்பை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது 2014-ல் 310 ரூபாயாக இருந்த விலை 2016-க்குள் 38 ரூபாய்க்கு வந்ததை மறக்கக் கூடாது. இந்தியாவில் தெருவிளக்கு வாங்குபவர் பெரும்பாலும் அரசுதான். அவர் கேட்கும் நிறத்தில்தான் தொழிற்சாலை தயாரிக்கும்.

அடுத்த டெண்டரில் வாட்டுக்கு எத்தனை லுமென் என்ற வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் வேண்டும். குடியிருப்புத் தெருக்களுக்கு 3,000 கெல்வினுக்கு மேல் கூடாது, கடற்கரைக்கு ஆரஞ்சு எல்இடி மட்டும். கிடைமட்டத்துக்கு மேலே ஒளி போகாத மூடிய விளக்கு, சாய்க்காமல் மாட்டியது. ஐஎஸ் 1944 சொல்லும் லக்ஸ் அளவை எட்டினால் போதும், அதைத் தாண்டினால் ஒப்பந்ததாரர் விளக்கைக் குறைக்க வேண்டும். வாகன ஓட்டம் குறையும் நேரத்துக்குத் தானாக மங்கும் டிரைவர். பணமும் மாட்டிய கம்பங்களின் எண்ணிக்கைக்கு இல்லாமல், சாலையில் மீட்டர் வைத்து அளந்த வெளிச்சத்துக்கே கொடுக்கப்பட வேண்டும். இவற்றில் எதுவும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. பிரான்ஸ் 2018 டிசம்பரில் பிறப்பித்த அரசாணையிலேயே 3,000 கெல்வின் உச்சவரம்பும் மேல்நோக்கிய ஒளிக்குக் கட்டுப்பாடும் இருக்கின்றன. இந்தியாவில் ஒளி மாசுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் டெண்டர் நிபந்தனை எழுத நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. மாநகராட்சியின் மின்துறைப் பொறியாளரும் ஆணையரும் கையெழுத்திட்டால் போதும்.

தெருவிளக்கை மட்டும் திருத்தி என்ன ஆகப்போகிறது, கடைகளும் விளம்பரப் பலகைகளும்தானே ஊரை வெளுக்கின்றன என்ற கேள்வியும் வரும். அதிலும் உண்மை இருக்கிறது. அதே டூசான் நகரத்தில் 2019-ல் சில இரவுகள் தெருவிளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தார்கள். விண்ணிலிருந்து தெரிந்த வெளிச்சத்தில் தெருவிளக்கின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. டூசான் தன் தெருவிளக்கை ஏற்கெனவே அடக்கிவைத்த ஊர், நம் ஊரில் அந்தப் பங்கு கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும் மீதியில் பெரும்பகுதி நகைக்கடை முகப்பிலும் ஜவுளிக்கடை உச்சியிலும் மைதானத்திலும் டிஜிட்டல் பலகையிலும் இருக்கிறது. விளம்பரப் பலகைக்கு உரிமம் கொடுப்பதும், அதைப் புதுப்பித்துக் கட்டணம் வாங்குவதும் அதே உள்ளாட்சிகள்தாம். பிரான்ஸில் 2013 முதல் கடை ஜன்னல் விளக்குகளை இரவு 1 மணிக்குள் அணைத்தாக வேண்டும். அணைக்கும் நேரத்தையும் அதிகபட்சப் பிரகாசத்தையும் அச்சிட நம் உரிமப் படிவத்தில் இரண்டு வரி இடம் போதும்.